கழுவிய கத்தி

ஆஸ்பத்திரி வாசலில் செக்குரிட்டிக்காரர் என் பையைத் திறந்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்து வெளியே வைத்தார், அண்ணனின் கிளினிக் கொப்பியை வைத்தார், அடியில் பழைய துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். கத்தியைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "மே மொகடத?" என்றார். இது எதற்கு என்று கேட்கிறார்.

லீக்ஸ் வெட்ட என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. கைகளை நீட்டிக் காட்டினேன். நுவரெலியா டவுனுக்கு வெளியே ஒரு மரக்கறிக் கொட்டகையில் எனக்கு வேலை. லீக்ஸின் வேரை வெட்ட வேண்டும், கோவாவின் மேல் இலையைக் கழிக்க வேண்டும், கரட்டின் தலையைச் சீவ வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் கத்தி என் கையில்தான். கொட்டகையில் விட்டுவிட்டு வந்தால் மறுநாள் வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்பதால் கூடவே கொண்டு திரிவேன். என் கட்டைவிரலில் ஓடிய கறுத்த கோடுகளைப் பார்த்த பிறகும் மனிதர் இறங்கி வரவில்லை. கத்தியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பாக்குவெட்டியும் ஒரு கத்தரிக்கோலும் யாரோ அப்பிள் வெட்டக் கொண்டுவந்த சின்னக் கத்தியும் கிடந்தன. அந்தப் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு எந்தக் கிழவி யாரைக் கொல்லப் போகிறாள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. உன் கத்தியை விட உன் வாய்க்குத்தான் உறை வேண்டும் என்று கொட்டகையில் என்னைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். அண்ணன் கூட வந்திருந்தார்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அவரைக் காணவில்லை. கத்தி வெளியே வந்த உடனேயே பத்தடி தள்ளிப் போய் மதிலோரம் நின்றுவிட்டார். ஜக்கெட் பைக்குள் இருந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, விரல்களை விரித்துத் தொங்கவிட்டிருந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர், இரத்தத்தில் சீனி ஏறிய வருத்தத்தில் கால் பெருவிரல் கறுத்துப்போய், ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி வந்தவர், அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செக்குரிட்டிக்காரர் மீது அல்ல, என் மீதுதான்.

"வாங்கண்ணே, ஒண்ணுமில்ல" என்று கூப்பிட்டேன்.

அண்ணன் கத்தியைத் தொட்டு ஒன்பது வருடமாகிறது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அண்ணி எப்போதோ காலமாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நிற்கிறார், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருவார். ஆகவே லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் நாங்கள் இரண்டு பேர்தான். போஞ்சி ஆய்ந்தால் அண்ணன் கையாலேயே ஒடிப்பார். பாண் ரொட்டியைக்கூட வெட்டாமல் பிய்த்துத்தான் தின்பார். தானே சவரம் செய்துகொள்வதில்லை, தாடி நெஞ்சு வரைக்கும் கிடக்கிறது. சரஸ்வதி பூசைக்கு வீட்டில் இருக்கிற கத்தி, அரிவாள், மம்பட்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் படைப்போமே, அன்றைக்குக் கற்பூரம் அணைகிற வரைக்கும் உள்ளே வரமாட்டார். ஏதோ நேர்த்தி என்று பக்கத்து வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். அண்ணன் கவ்வாத்துக்காரர், அப்பாவும் அப்படித்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்கி, புதிதாகத் துளிர்க்க விடுவதுதான் கவ்வாத்து; வருடம் ஒரு மலைக்கு முறை வரும். அதற்கென்று ஒரு கத்தி இருக்கிறது. முழ நீளம் இருக்கும், நுனி வளைந்திருக்கும். கிளையை ஒரே வெட்டில், சாய்வாக, பிளக்காமல் வெட்ட வேண்டும். பிளந்தால் மழைத்தண்ணீர் இறங்கிக் கிளை அழுகிப்போகும். அதனால் கவ்வாத்துக்காரரின் கத்தியில் எப்போதும் முடியை மழிக்கிற கூர் இருக்கும். காலையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார்கள், தோளில் போட்டுக்கொண்டே வருவார்கள், வழியில் கடையில் நின்று தேத்தண்ணி குடிப்பார்கள், கோயில் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். தோட்டத்தில் ஒருவரும் அந்தக் கத்தியைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கவ்வாத்துக் காலத்தில் ஒருவர் கத்தியில்லாமல் நடந்து போனால்தான், என்ன உடம்புக்கு முடியலையா என்று கேட்பார்கள். ரோட்டில் வேனில் போகிற வெளியூர்க்காரர்கள் மட்டும் எங்கள் ஆண்களைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். எங்களுக்கு அது சிரிப்பாக இருக்கும்.

கத்தி விஷயத்தில் எங்களிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்க மாட்டோம். கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிடும் என்பது நம்பிக்கை. அம்மா அடுப்படியில் எனக்கு அப்படித்தான் பழக்கினார், இன்றைக்கும் கொட்டகையில் நான் அப்படித்தான் செய்கிறேன். மற்றது, கவ்வாத்துக் கத்தி தோட்டத்துச் சொத்து. கவ்வாத்து முடிந்ததும் இஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். தேயிலைக் கறை கத்தியில் தார் போல ஒட்டியிருக்கும். அந்தக் கறையோடு கொண்டுபோனால் இஸ்டோர்காரர் வாங்க மாட்டார், "ஒங்க வீட்ல பொம்பளைங்க இல்லையா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்பார். மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தீட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, சாக்குத் துண்டில் சுற்றிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை முதலில் அம்மாவுடையது, அம்மாவுக்குப் பிறகு என்னுடையது. பதினொரு கவ்வாத்துக்கு நான் கழுவியிருக்கிறேன், ஒரு தடவைகூட இஸ்டோர்காரர் முகம் சுளித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் எங்களைக் குழியில் தள்ளின.

அந்த வருடம் இஸ்டோரில் புதுக் கத்திகள் கொடுத்தார்கள். இரும்பு சரியில்லை, ஒரு மணித்தியாலத்தில் கூர் மடங்கிவிடும். மலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தரைக் கண்டாக்கு என்போம். கண்டாக்கும் அந்த வருடம் புதிதுதான். எங்கேயோ டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. அண்ணன் வெட்டிய கிளைகள் பிளந்திருக்கின்றன என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது சரிதான், பிளந்துதான் இருந்தன. கத்தி சரியில்லை என்று அண்ணன் சொன்னதைத்தான் அவர் காதில் வாங்கவில்லை. ஒரு கிழமையாக ஒவ்வொரு நாளும் எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசினார். அண்ணனுக்கு வேலையில் குறை சொல்லிவிட்டால் தாங்காது. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கத்தியை ஓங்கிக் கதவு நிலையில் கொத்தினார். "ஒரு நாளைக்கு இவன நான் பாத்துக்கிறேன்" என்றார். வீட்டில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். மறுநாள் காலையில் கத்தியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அந்த வெட்டு இன்றைக்கும் நிலையில் இருக்கிறது, இரண்டு விரல் நுழையும்.

அதற்கு மூன்று நாள் கழித்துக் காலைப் பெரட்டில் அது நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் ஆபீசுக்கு முன்னால் கூடி, யாருக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு பிரிவதுதான் பெரட்டு. நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், போகவில்லை. பார்த்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். கண்டாக்கு கையில் பிளந்த கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அண்ணனை முன்னுக்கு வரச் சொல்லியிருக்கிறார். இனி உனக்குக் கவ்வாத்து இல்லை, மம்பட்டி எடுத்துத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போ என்றிருக்கிறார். "கத்தியக் குடு" என்று கையை நீட்டியிருக்கிறார்.

அண்ணன் அந்தக் கையில் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது. தோளிலிருந்து கத்தியை எடுத்து, அவர் காலடியில் வைப்பதற்காகக் குனிந்திருக்கிறார். தோட்டத்தில் பிறந்தவர்கள் கண்ணுக்கு அது ஒரு மனிதர் கத்தியைக் கீழே வைப்பது. அந்தப் பிள்ளை கண்ணுக்கு, ஒரு வாரமாகத் தன்னிடம் ஏச்சு வாங்கிய ஆள் தோளிலிருந்து முழ நீளக் கத்தியை எடுத்து வேகமாகத் தன்னை நோக்கி இறக்குவது. அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்திருக்கிறார். ஆபீஸ் ஜன்னல் கண்ணாடிக்குள் கை போய், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கிழிந்துவிட்டது. கண்ணாடிதான் கிழித்தது என்று பின்வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரத்தம் வந்தபோது கத்தியும் அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதையும் எல்லோரும் சொன்னார்கள்.

அண்ணனை ஆபீசுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். தோட்டத்துக் கத்தி, தொலைந்துபோனால் அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் அதை எடுத்துவந்து எங்கள் வாசலில் சாத்திவிட்டுப் போனார். பொலிஸ் ஜீப் வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போயிற்று. கத்தியை ஸ்டேசனில் ஒப்படைக்கச் சொல்லி மத்தியானம் ஆள் வந்து சொன்னார்.

ஒப்படைக்க வேண்டும் என்றதும் நான் காய்ச்சலோடு எழுந்து கத்தியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். மணல் போட்டேன், சாம்பல் போட்டேன், தேங்காய் மட்டையால் கறை போகிற வரைக்கும் தேய்த்தேன். கல்லில் தீட்டினேன். எண்ணெய் தடவினேன். நல்ல சாக்குத் துண்டாகத் தேடிச் சுற்றினேன். ஏன் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் நான் திட்டியிருப்பேன். அழுக்குக் கத்தியை எந்தப் பொம்பளை வெளியே அனுப்புவாள்? அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிற இடத்துக்கு, எங்கள் வீட்டுப் பொருள் மரியாதையாகப் போக வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஸ்டேசனில் மேசை நிறையக் கடதாசி. வைக்க இடமில்லாததால் பொலிஸ்காரரின் காலடியில், தரையில் வைத்தேன். அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார். பிறகு சாக்கைப் பிரித்தார். கத்தி பளபளவென்று இருந்தது. அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்து, "ஹொந்தட்ட ஹோதலா" என்றார். நன்றாகக் கழுவியிருக்கிறாள் என்று அர்த்தம். நானும் சிரித்தேன். இஸ்டோர்காரரைப் போல இவருக்கும் திருப்தி என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று நாங்கள் பிடித்த லோயர் சொன்ன பிறகுதான் விளங்கியது. காயம் கூரான பொருளால் பட்டது என்று டாக்டர் எழுதியிருந்தார். கண்ணாடியும் கூர்தான், கத்தியும் கூர்தான். உடைந்த கண்ணாடியை அன்றைக்கே ஆபீசில் கூட்டி அள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கத்திதான். அது கழுவாமல் போயிருந்தால் அதுவே சாட்சி சொல்லியிருக்கும். இப்போது பொலிசுக்குக் கதை நேராகப் போயிற்று: ஆயுதத்தோடு வந்தான், வெட்டினான், வீட்டார் இரத்தத்தைக் கழுவினார்கள். பார்த்த ஆண்களின் பேச்சை, எல்லோரும் ஒரே லயத்து ஆட்கள் என்று தள்ளிவிட்டார்கள். அண்ணன் நான்கு மாதம் ரிமாண்டில் இருந்தார். பிறகு பிணையில் வந்தார். வழக்கு இரண்டு வருடம் இழுத்தது.

கோர்ட்டில் அந்தக் கத்தியை மறுபடி பார்த்தேன். பிடியில் ஒரு அட்டை கட்டியிருந்தார்கள். ஒருவர் அதைத் தூக்கிக் காட்டியபோது வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்தேன். பிடியில் என் கைக்குத் தெரிந்த ஒரு சின்னப் பிளவு இருந்தது, அதில் தங்கிய சாம்பலை அன்றைக்குப் பீலியில் குச்சியால் குத்தி எடுத்திருந்தேன். அதே கத்திதான். ஆனால் அந்த மண்டபத்தில் அது வேறு ஒன்றாக இருந்தது.

எங்கள் லோயர் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ஏன் கழுவினாய் என்று கேட்டார். இஸ்டோர் வழக்கத்தைச் சொன்னேன். நான் சொன்னதை மொழிபெயர்த்தவருக்கே அது விளங்கியதாகத் தெரியவில்லை. பிறகு பொலிஸ் தரப்பில் ஒருவர் எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். கழுவுவதற்கு முன்னால் அதில் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

அண்ணன் எதிர்க் கூண்டில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கல" என்றேன்.

அது பொய். பார்த்தேன். பீலியில் தண்ணீர் படுவதற்கு முன்னால், கத்தியை வெளிச்சத்துக்குத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தேன். பிடியும் இரும்பும் சேர்கிற இடத்தில்தான் எதுவும் தங்கும் என்று எனக்குத் தெரியும், அங்கே நகத்தால் கீறிப் பார்த்தேன். தேயிலைக் கறையும் பட்டைத் தூளும் காலையில் ஒட்டிய ஈரமண்ணும்தான் இருந்தன. சிவப்பாக ஒன்றும் இல்லை. மறுபடியும் ஒருமுறை பார்த்தேன். அப்புறம்தான் மணலைப் போட்டேன். அந்தக் கத்தி சுத்தமாக இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான்.

அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வெட்கம். பார்த்தேன் என்றால், ஏன் பார்த்தாய் என்பதுதான் அடுத்த கேள்வி. கதவு நிலையில் கொத்தியது வரும். ஒரு நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்றது வரும். அதைவிட, அண்ணனுக்குத் தெரிந்துவிடும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் பள்ளிக்கூடம் போன அண்ணன் வெட்டியிருப்பார் என்று நான் நினைத்தது அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நொடிக்குள் இவ்வளவும் ஓடியது. தொண்டையிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்.

வெளியே வராந்தாவில் லோயர் தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா, பாத்துட்டுக் கழுவியிருக்கக் கூடாதா?" என்றார். குற்றத்தை ஒத்துக்கொண்டால் குறையும் என்று அண்ணனிடம் சொன்னார். அடுத்த தவணையில் அண்ணன் ஒத்துக்கொண்டார். ஆறு மாதம் மறியல் வீட்டில் அடைத்தார்கள். தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். கல் அறுக்கிற இடத்தில் கொஞ்ச நாள், மரக்கறி மூட்டை தூக்கிக் கொஞ்ச நாள், பிறகு சீனி வந்து படுத்துவிட்டார்.

கத்தியில் என்ன குற்றம், பிடிக்கிற கையில்தானே எல்லாம் என்று பெரிய மனிதர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். கோர்ட்டில் நின்று பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு அது. பார்க்கிற கண்ணில்தான் எல்லாம். அந்தக் கண்டாக்கு ஒரு விதமாகப் பார்த்தார், பொலிஸ்காரர் ஒரு விதமாகப் பார்த்தார். அவர்களைத் திட்டிக்கொண்டே ஒன்பது வருடத்தை ஓட்டிவிட்டேன், ஏனென்றால் பீலிக்கரையில் நானும் அவர்களைப் போலத்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை எடுத்துவிட வேண்டும், வியாழக்கிழமை வந்து படுங்கள் என்றார். நல்ல மாதிரித்தான் சொன்னார், தமிழும் பேசினார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "கத்தியாலயாங்க?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, பயப்படாதீங்க, உங்களுக்கு வலி ஒன்றும் தெரியாது என்றார். அண்ணன் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது செக்குரிட்டிக்காரர் கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். மேசையில் வையுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார், ஆனால் வைத்தார். அண்ணன் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் வீடு வந்து சேர மூன்று மணி இருக்கும். அண்ணனைக் கட்டிலில் உட்கார வைத்து, காலைப் பலகையில் தூக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். வெளியே மூட்டம் இறங்கி எதிர் லயம் தெரியவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கவா?" என்றார்.

"கேளுங்கண்ணே."

"அன்னைக்கு நீ கழுவுனப்ப, கத்தியில ஏதாச்சும் இருந்திச்சா?"

ஒன்பது வருடம் கழித்து அந்தக் கேள்வி வந்துவிட்டது, என் சந்தேகத்தைப் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"வியாழக்கெழம படுக்கணும். மயக்கம் குடுப்பாங்க. எந்திரிக்கிறனோ இல்லையோ. தெரிஞ்சிக்கிட்டுப் போனா நல்லது. எனக்குத் தெரியலம்மா."

"ஒங்களுக்கு என்ன தெரியல?"

"குனிஞ்சேன். அது ஞாபகம் இருக்கு. கீழ வைக்கத்தான் குனிஞ்சேன். அவரு கத்துனாரு, ரெத்தத்தப் பாத்தேன். நடுவுல என்ன நடந்திச்சின்னு தெரியல. பட்டுச்சா, படலையா. மனசுல அம்புட்டுக் கோவம் இருந்திச்சில்ல, கை அதுவாப் போயிருக்குமோன்னு. நான் ஒத்துக்கிட்டது லோயரு சொன்னதுக்காக இல்ல. இல்லன்னு சொல்ல எனக்கே வாய் வரல."

நான் அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோர்ட்டும் மறியலும் பட்ட அவமானத்தால்தான் அண்ணன் கத்தியைத் தொடுவதில்லை என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மனிதர் தன் கையைக் கண்டு பயந்து வாழ்ந்திருக்கிறார். அதைத் தீர்க்கிற ஒரு சொல் இதே காம்பராவில், நான்கடி தள்ளி, என் வாய்க்குள் கிடந்திருக்கிறது.

"பாத்தேண்ணே" என்றேன். "கழுவுறதுக்கு முன்னுக்குப் பாத்தேன். ரெண்டு பக்கமும் பாத்தேன். பிடிக்கிட்ட நகத்தால கீறிப் பாத்தேன். தேயிலக் கறதான் இருந்திச்சி. ரெத்தம் இல்ல. ஒரு சொட்டு இல்ல. நீங்க வெட்டல."

"கோட்டுல பாக்கலன்னு சொன்னியே" என்றார்.

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க என்னையே பாத்துக்கிட்டு நின்னீங்க. பாத்தேன்னு சொன்னா ஒங்க மேல சந்தேகப்பட்டேன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்ல. அந்த வெக்கத்துல சொல்லிட்டேண்ணே. என்னய அடிச்சிக்கூடப் போடுங்க."

அவர் அடித்திருக்கலாம், ஏசியிருக்கலாம். ஆறு மாதத்தையும் நான்கு மாதத்தையும் கேட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அவர் முகம் இளகியது, எனக்குக் காய்ச்சல் வந்தால் இளகுமே, அப்படி.

"ஆஸ்பத்திரிக்குப் பயப்படுறேன்னு எனக்காகச் சொல்றியா?" என்றார்.

"இல்லண்ணே, சாமி சத்தியமா."

"சரி சரி. அழுவாத." என் தலையில் கை வைத்தார். "நல்ல மனசு ஒனக்கு."

எப்படிச் சொன்னால் நம்புவார்? கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்ன பொய்யை எல்லோரும் நம்பினார்கள். வீட்டில் அழுதுகொண்டு சொன்ன உண்மையை, தங்கச்சி பாசத்தில் சொல்கிறாள் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். எனக்குச் சாட்சி இல்லை. இருந்த சாட்சியை நானே மணல் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

எழும்பித் தேத்தண்ணி ஊற்றினேன். பாண் ஒரு இறாத்தல் முழுதாக இருந்தது. தட்டில் வைத்துக் கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தேன். பையைத் திறந்து லீக்ஸ் கத்தியை எடுத்தேன், துணியைப் பிரித்தேன். பிடி அவர் பக்கம் இருக்கிற மாதிரி தட்டோரத்தில் வைத்துவிட்டு, என் கையை எடுத்துக்கொண்டேன்.

"நீங்க வெட்டுங்கண்ணே" என்றேன்.

அண்ணன் கத்தியைப் பார்த்தார். அவர் வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. அந்தக் கை கத்தியைத் தாண்டிப் போயிற்று. பாணை எடுத்து, இரண்டு கையாலும் பிய்த்து, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தார்.